ஒழுகாத குழாய்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: குடியிருப்போர் சங்கத் தலைவர், அதாவது மூன்றாம் மாடிப் பல் டாக்டர், யார் பேசினாலும் பேச்சை விட்டுவிட்டுப் பல்லைப் பார்க்கிறவர். செயலாளர், சரக்குக் கப்பல் ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. செயலாளரின் மனைவி. ஐந்தாம் மாடி டீச்சரம்மா, ஒரு காலத்தில் தலைமையாசிரியை. முதல் மாடி பேங்க்காரர். அந்த வீட்டில் குடியிருக்கும் பெண், வழக்கம்போல் நைட்டியில். இவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் ஒரே ஆள், சாவிக்காரன். அவன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். நாற்காலி இல்லாமல் இல்லை. ஒன்று காலியாகவே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் உட்காரும் நாற்காலி அது. இன்றைக்கு அதில் உட்கார்ந்தால் பழகிய உடம்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று அவன் அதன் பக்கமே திரும்பவில்லை.

அந்தக் கட்டடத்தில் பல்பு மாற்றுவது, தண்ணீர் மோட்டார் போடுவது, லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்தி இறக்குவது எல்லாம் அவன் வேலை. எல்லா வீட்டின் மாற்றுச் சாவியும் தரைத்தளத்தில் அவன் அறைச் சுவரில் ஆணிகளில் தொங்கும். அதனால் சாவிக்காரன். கல்லூரியைப் பாதியில் விட்டவன். யாராவது கேட்டால் முடித்ததாகச் சொல்வான். வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது அந்தத் தரைத்தள வீடு. அதில் மனைவி, பரீட்சைக்குப் படிக்கிற மகள். வேலை போனால் வீடும் கூடவே போகும். இதை அவனுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனால் செயலாளர் அவ்வப்போது நினைவூட்டுவார்.

கூட்டம் சங்க அறையில்தான் நடந்திருக்க வேண்டும். அங்கே கூரை பூச்சு உதிர்ந்து கொட்டிக்கொண்டிருந்தது. "எங்க வீட்டுக்கு வாங்களேன், கதவு திறந்துதான் கிடக்கு" என்று அந்தப் பெண்ணே சொன்னாள். விசாரணை அவளைப் பற்றி. செயலாளருக்கு அதுவும் வசதிதான். "சம்பவ இடத்தையும் பாத்த மாதிரி ஆச்சு" என்றார், கொலை நடந்த வீட்டுக்கு வருகிறவர் போல.

அவளுக்குக் கட்டடத்தில் வைத்திருந்த பெயர் நைட்டி சாமி. வைத்தது செயலாளர். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் அது பொருத்தமாக இருந்தது. சின்ன வயதிலேயே காவி கட்டி ஆசிரமத்தில் சேர்ந்தவள். அங்கே பல வருஷம் இருந்துவிட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் வேலை, கண் பரிசோதித்து எண் சொல்லும் வேலை. வீட்டில் பூஜை அலமாரி உண்டு. அதில் இஸ்திரிப் பெட்டி இருக்கும். "சாமி எங்க பாத்தாலும் இருக்கார்ங்கிறோம். அப்புறம் அவருக்கு ஒரு ஷெல்ஃபை ஒதுக்கி, இங்க மட்டும் இருன்னா கோவிச்சுக்க மாட்டாரா?" என்பாள். யாராவது காலில் விழுந்தால் அவளும் பதிலுக்கு அவர்கள் காலில் விழுவாள். இரண்டு பேரும் தரையில் கிடப்பார்கள். யார் முதலில் எழுந்திருப்பது என்று தெரியாமல் சங்கடப்பட்டு, பிறகு சிரித்து எழுவார்கள். மறுமுறை யாரும் விழுவதில்லை.

ஞாயிறு காலையில் அவள் வீட்டில் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். விளக்கு இல்லை, பாட்டு இல்லை. இருந்தது ஒரே விதி. அந்த அறையில் பொய் சொல்லக்கூடாது. பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது போன பிறகு பேசலாம்.

"உள்ள ஒருத்தர் உக்காந்திருக்கார்," என்பாள் அவள். "அவருக்கு மந்திரம் தெரியாது. நம்ம பேசுற பாஷைகூட அரைகுறைதான். நிஜம் ஒண்ணுதான் புரியும். மத்ததெல்லாம் அவருக்கு லிஃப்ட் சத்தம் மாதிரி, ஏதோ மேல போகுது, ஏதோ கீழ வருது."

இந்த விதி எங்கே பிறந்தது என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று சாவிக்காரன்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது, வெளியே சொல்ல முடியாத பழக்கம். வீட்டுக்காரர்கள் வேலைக்கோ வெளியூருக்கோ போயிருக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பான். எதையும் எடுக்க மாட்டான். பிரிட்ஜைத் திறக்க மாட்டான், டிவி போட மாட்டான். சோபாவில் நன்றாகச் சாய்ந்து, அந்த வீட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான். கொஞ்ச நேரம் அந்த வீடு அவனுடையது. பிறகு மெத்தையில் தன் எடை பதித்த பள்ளத்தைத் தட்டிச் சமன்செய்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குவான்.

அவள் குடிவந்த புதிதில் ஒரு மத்தியானம் கடையில் கரண்ட் போய், அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் கையில் களவு எதுவும் இல்லை. ஆனாலும் கையும் களவுமாகத்தான் மாட்டினான். எழுந்திருக்கப் பார்த்தான்.

"ஃபேன்ல சத்தம் வருதுன்னு..." என்று ஆரம்பித்தான்.

"ஃபேனே போடலையேண்ணா."

அவள் கத்தவில்லை. பையைக் கீழே வைத்தாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுந்திருக்காதீங்க. எதுக்கு வந்தீங்களோ அதை முடிச்சுட்டுப் போங்க. பொய் மட்டும் வேண்டாம். வந்துச்சுன்னா வாயை மூடிக்கோங்க. போனதும் பேசுங்க."

பொய் வரிசையாக வந்தது. குழாய், ஒயரிங், எறும்பு மருந்து. ஒவ்வொன்றாக விழுங்கினான். கடைசியில் விழுங்குவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"சும்மா உக்காரத்தாம்மா வந்தேன்."

"இங்க மட்டுமா?"

"எல்லா வீட்லயும்."

"உக்காந்தா எப்படி இருக்கு?"

அவன் யோசித்தான். "மனுஷனா இருக்கு."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, தூரத்து ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் வரும் சிரிப்பு. "இதைத் தேடித்தாண்ணா நான் காவி கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு அங்க கிடைக்கலை. உங்களுக்கு அடுத்தவன் சோபால கிடைச்சிருக்கு பாருங்க." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஆனா ஆள் இல்லாதப்ப மனுஷனா இருக்கிறது ஈஸி. நாலு பேர் இருக்கும்போது இருந்து பாருங்க. ஞாயித்துக்கிழமை வாங்க. சாவி கொண்டு வர வேண்டாம்."

அதற்குப் பிறகு வீட்டில் இருக்கும் நேரத்தில் அவள் கதவைப் பூட்டியதே இல்லை. அவனும் எந்த வீட்டுச் சாவியையும் தன் ஆசைக்கு எடுத்ததில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் ஒருவன் மாற இது போதும். மனைவியிடம் போய், தான் கல்லூரி முடிக்கவில்லை என்று சொன்னான். "தெரியும். உங்க அண்ணன் கல்யாண மேடையிலேயே சொல்லிட்டாரு. நீங்க எப்பச் சொல்றீங்கன்னு பாத்துட்டிருக்கேன்" என்றாள் அவள், வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல். அவன் வாழ்க்கையில் அவ்வளவு லேசாக அன்றுதான் தூங்கினான். சாமி என்றால் அவனுக்கு அதற்கு முன்பு தேர்வு அதிகாரி மாதிரி ஒருத்தர். இப்போது எதிரில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்.

அவன் மூலம் டீச்சரம்மா வந்தாள். கணவர் செத்த பிறகு எல்லோரும் அழச் சொல்கிறார்கள், தனக்கோ நிம்மதியாக இருக்கிறது என்று அவள் சொன்னது அந்த அறையில்தான். பேங்க்காரர் வந்தார். தனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, பயத்தில்தான் கோவிலுக்குப் போவதாகச் சொன்னார். "பயந்துக்கிட்டாவது வர்றீங்களே, அவருக்கும் பேச்சுத்துணை வேண்டாமா" என்றாள் நைட்டி சாமி. இருவரும் மாடிப்படி வழியாக வருவார்கள், லிஃப்டில் வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். வெளியே கிடப்பதெல்லாம் வெளியாட்கள் செருப்பு.

இப்படியே ஓடியிருக்கும். கெடுத்தது ஒரு டெலிபோன். எதிர்வீடுதான் செயலாளர் வீடு. அவர் மனைவி ஒரு ஞாயிறன்று எட்டிப் பார்க்க வந்தவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் யாரோ செயலாளரைத் தேடிப் போன் செய்தார்கள். அவர் வழக்கம்போல் கையை ஆட்டினார், நான் இல்லை என்று சொல்லு என்று. மனைவி போனில், "இருக்கார். உங்ககிட்டப் பேச இஷ்டமில்லைன்றார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கூட்டம் கூட்டப்பட்டதற்குக் காரணம் இதுதான். அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்த காரணம் வேறு.

"குடியிருக்கிற இடத்துல மடம் நடத்தக்கூடாது," என்று செயலாளர் ஆரம்பித்தார். "கண்டவங்க செருப்பு காரிடார்ல கிடக்கு. லிஃப்ட் பூரா அந்நிய ஆளுங்க. நாளைக்கு ஏதாவது காணாமப் போனா யார் பொறுப்பு?"

"என்னம்மா நடத்துறீங்க?" என்று தலைவர் அவளைக் கேட்டார்.

"உக்கார்றோங்க."

"உக்காந்து?"

"உக்காந்துதான் இருக்கோம்."

"சும்மா உக்கார்றதுக்கு ஒரு சாமியாரா!" என்றார் செயலாளர். "அதைத்தான் நான் வீட்லயே பண்றேனே!"

"நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்லை," என்றாள் அவர் மனைவி மெதுவாக. தலைவர் இருமலை வைத்துச் சிரிப்பை மறைத்தார்.

தலைவர் கெட்டவர் இல்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் அவருக்கு. "இங்க பாருங்க," என்றார். "வெளியாளுங்களுக்காக நடத்துறதுன்னா ஓனருக்குச் சொல்லி காலி பண்ணச் சொல்றதைத் தவிர வழி இல்லை. இந்தக் கட்டடத்துக்காரங்க ஒருத்தராவது வந்து போறதுன்னா, அது அக்கம்பக்கம் கூடிப் பேசறது. அதுல சங்கம் தலையிட முடியாது. ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும், நான் இதோட முடிச்சுடறேன். யாராவது வர்றீங்களா?"

அறை அமைதியானது. எல்லோருக்கும் பழக்கமான அமைதி அது, ஞாயிற்றுக்கிழமை அமைதி. டீச்சரம்மா புடவை முந்தானையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். பேங்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடிக்கு எண் பார்த்துக் கொடுத்ததும் நைட்டி சாமிதான். செயலாளர் மனைவி வாயைத் திறந்தாள். "நீ ஒரு தடவை எட்டிப் பாத்ததெல்லாம் கணக்கில்லை" என்று கணவர் அதை அப்படியே அமுக்கினார்.

சாவிக்காரன் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரம்மா சொல்வாள், பெரிய மனுஷி. பேங்க்காரர் சொல்வார், அவரை யார் என்ன செய்துவிட முடியும். இவர்களெல்லாம் இருக்க நான் எதற்கு.

"ஏன் சுத்தி வளைக்கணும்?" என்றார் செயலாளர். "எல்லா மாடியும் ஏறி இறங்கறவன் இங்கயே நிக்கிறான். யோவ் சாவி! நீயும் இந்தக் கட்டடத்துல குடியிருக்கிறவன்தானே. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ இந்த வீட்டுக்கு வர்றதா பேச்சு. உண்மையா?"

எல்லாத் தலையும் திரும்பியது. நைட்டி சாமியின் தலை மட்டும் திரும்பவில்லை. அவள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் உட்கார்ந்தவன் இவன்தான் என்று. அவனுடைய வேலை, வீடு, பெயர் எல்லாம் அந்த நிமிஷமே காற்றில் போகும். அவள் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் அவனுக்குத் தைரியம் கொடுத்தது. கேவலமான தைரியம்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விதி அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு வேலைக்காரன் நிற்க முடியாது என்று அவன் வாய் முடிவு செய்துவிட்டது.

"குழாய் ரிப்பேருக்குங்க ஐயா. சமையல்கட்டுக் குழாய் ஒழுகும்."

"வாராவாரமா?"

"பழைய குழாய்ங்க."

தலைவர் சிரித்தார். பேங்க்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதியைச் சாவிக்காரன் கவனித்தான்.

"அப்ப ஒருத்தரும் வர்றதில்லை," என்றார் செயலாளர்.

தலைவர் அவளைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?"

"டீ போட்டிருக்கேன். குடிச்சுட்டுப் போங்க," என்றாள் அவள்.

யாரும் குடிக்கவில்லை.

லிஃப்டில் டீச்சரம்மாவும் அவனும் மட்டும் இறங்கினார்கள். அவள் போக வேண்டியது மேலே. கவனிக்காமல் ஏறிவிட்டாள்.

"நான் பொய் சொல்லலை," என்றாள் அவள், பொத்தான்களைப் பார்த்தபடி. "அவங்க சொல்லிக் குடுத்தபடி வாயை மூடிக்கிட்டேன். அவ்வளவுதான்."

"ஆமாங்க டீச்சர்."

"நீதான்பா சொல்லிட்டே."

"ஆமாங்க."

"என் பையன் வீட்டுக்கு இந்த விஷயம் போச்சுன்னா, அம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சும்பாங்க. என்னைக் கூட்டிட்டுப் போய்ப் பின்னறையில உக்கார வெச்சிடுவாங்க. உனக்கென்ன தெரியும்."

அவனுக்குத் தெரியும். ஆளுக்கொரு பின்னறை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டடத்தில் செய்தி லிஃப்டை விட வேகமாக இறங்கும்.

"குழாயா?" என்றாள்.

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"இல்ல, தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன். நம்ம பாத்ரூம் குழாய் நாலு மாசமா ஒழுகுது. அதைப் பாக்க ஆள் இல்லை. அங்க வாராவாரம் போய்ப் பாத்தீங்களே, அதான்."

"உனக்கும் பொண்ணுக்கும் சேத்துத்தானே யோசிச்சேன்."

மடித்த சட்டையை அவள் திரும்ப உதறினாள். "எங்க தலையில கட்டாதீங்க. நாங்க கேட்டமா? வாயைத் தொறந்து ஆமான்னு சொல்லிட்டு வந்திருந்தா மூட்டையைக் கட்டிக்கிட்டு உங்க பின்னாடி வந்திருப்பேன். திட்டிக்கிட்டேதான் வந்திருப்பேன். ஆனா வந்திருப்பேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம். நியாயமில்லை என்று தெரிந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. சாப்பிடாமல் படுத்தான்.

மறுநாள் இன்டர்காம் அடித்தது.

"அண்ணா, குழாய் ஒழுகுதுன்னீங்களே. வந்து பாருங்க."

ஸ்பானர், வாஷர், நூல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனான். கதவு திறந்து கிடந்தது. சமையல்கட்டில் குழாய் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"இது ஒழுகலைம்மா."

"தெரியும். நீங்க இங்க வந்தது ரிப்பேருக்குன்னு சங்கத்துல பதிவாகியிருக்கு. ஒரு தடவையாவது ரிப்பேர் பண்ணிடுங்க. உங்க வார்த்தை பூராவும் பொய்யாப் போயிட வேண்டாம்."

கேலியா, கருணையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவன் அதற்குத் தகுதியில்லை என்பது மட்டும் தெரிந்தது. தண்ணீரை அடைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினான். நல்ல வாஷரை எடுத்துவிட்டுப் புது வாஷரைப் போட்டான். அவள் மேடைமேல் சாய்ந்துகொண்டு டார்ச் பிடித்தாள். பகல் வெளிச்சத்தில் டார்ச்சுக்கு வேலையே இல்லை. தன் முகம் அவளுக்குத் தெரியக்கூடாதே என்று அவன் முதுகை வளைத்துக் குனிந்துகொண்டான்.

"நான் ஒரு நாயிம்மா," என்றான், குழாயைப் பார்த்து.

"நாய் இருந்திருந்தா குரைச்சிருக்கும்."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். இவ்வளவு நேரம் அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. அவள் யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை. அதற்காகத்தான் அவளிடம் வந்துகொண்டிருந்தான்.

"தப்பு எம்மேலயும் இருக்கு," என்றாள் அவள். "பொய் வந்தா வாயை மூடுங்கன்னு சொல்லிக் குடுத்தேன். மூடின வாயை எப்பத் தொறக்கணும்னு சொல்லிக் குடுக்கலை. பாருங்க, எல்லாரும் எவ்வளவு அழகா விதியைக் காப்பாத்தினாங்க! ஆசிரமத்துலகூட இவ்வளவு ஒழுங்கா நான் பாத்ததில்லை. நீங்க ஒருத்தர்தான் மீறினீங்க." சொல்லிவிட்டு உண்மையாகவே சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை.

"நான் போய்ச் சொல்லிடறேன்மா. இன்னிக்கே."

"எனக்காகவா?"

பொய் வந்தது. வாயை மூடிக்கொண்டான். அது போன பிறகு சொன்னான். "இல்ல. என்னால இதோட இருக்க முடியலை."

"அப்பச் சரி."

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். செயலாளர் செய்தித்தாளை விரித்து அதன்மேல் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"ஐயா, நேத்து நான் சொன்னது பொய்ங்க. குழாயெல்லாம் இல்லை. நான் அங்க உக்காரத்தான் போவேன். முதல்ல போனவனே நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"யோவ், நான் எதிர்வீட்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல குளிச்சு, தலை வாரி, தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு எவன்யா குழாய் ரிப்பேருக்குப் போவான்?" அடுத்த விரலுக்குப் போனார். "டீச்சர் வர்றதும் தெரியும். பேங்க்காரர் செருப்பைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வர்றதும் தெரியும்."

"அப்புறம் ஏங்க என்னைக் கேட்டீங்க?"

"டீச்சரைக் கேட்டிருந்தா ஒருவேளை ஆமான்னு சொல்லியிருப்பாங்க. பேங்க்காரர் ரோஷத்துல சொல்லியிருப்பார். நீ சொல்ல மாட்டே. அதான் உன்னைக் கேட்டேன்."

நகம் தெறித்து அவன் காலடியில் விழுந்தது.

"தலைவர்கிட்டச் சொல்லப் போறேங்க."

"தாராளமாச் சொல்லு. சொல்லிட்டு வரும்போது அந்தச் சாவிங்களை எல்லாம் எடுத்துட்டு வந்து இங்க வெச்சிடு. அதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

சமையலறை வாசலில் செயலாளர் மனைவி நின்றிருந்தாள். அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. போ என்று சொல்கிற பார்வை, மூன்றாம் மாடிக்குப் போ என்று.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியிலேயே இறங்கினான். நெஞ்சு அடித்துக்கொண்டது. நல்ல அடிப்பு. சொல்லப்போகிற வாக்கியத்தை ஒவ்வொரு படியிலும் சொல்லிப் பார்த்தான். ஐயா, நான் வர்றேன். ரெண்டே வார்த்தை, நான் வர்றேன். தலைவர் வீட்டு மணியை அழுத்தினான். உள்ளே குழந்தைகள் சத்தம், தட்டுச் சத்தம். கதவு திறந்தது. வாயில் சாப்பாட்டோடு தலைவர் நின்றார்.

"என்னப்பா?"

அவர் பார்வை வழக்கம்போல் அவன் பல்லுக்குப் போனது. அவன் வாயைத் திறந்துதான் வைத்திருந்தான். அந்தத் திறந்த வாய்க்கு முன்னால் தரைத்தள வீட்டின் இரண்டு அறையும், விளக்கடியில் குனிந்திருக்கும் மகளின் தலையும், ஆணிகளில் தொங்கும் சாவிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவையெல்லாம் உண்மையான காரணங்கள். காரணம் உண்மையாக இருப்பதில் என்ன இருக்கிறது என்றும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

"மோட்டார் போட்டாச்சுங்க. தண்ணி வருதான்னு கேக்க வந்தேன்."

"வருதுப்பா," என்றார் தலைவர். கதவு மூடிக்கொண்டது.

நேற்றாவது நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று யாரும் கேட்காமலே, தானாகப் போய் மணியடித்துப் பொய் சொல்லிவிட்டு வந்தான்.

ஓனரிடமிருந்து பதில் வந்தது. மாதக் கடைசியில் அவள் காலி செய்தாள். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கதவு திறந்தேதான் கிடந்தது. வெளியாட்கள் வந்தார்கள். கட்டடத்துக்காரர்கள் யாரும் போகவில்லை. அவன் அந்த நேரத்தில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவினான். தொட்டி அவ்வளவு சுத்தமாக எப்போதும் இருந்ததில்லை.

போகிற அன்று காலையில் சாமான் வண்டி முன்னால் போய்விட்டது. மிச்சம் ஒரு பையும் இஸ்திரிப் பெட்டியும்தான். வீட்டை ஒப்புக்கொண்டு பூட்ட வேண்டியது சாவிக்காரன் வேலை. ஒவ்வொரு அறையாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு வந்தான். நாற்காலிகள் இருந்த இடத்தில் தரை கொஞ்சம் வெளுத்திருந்தது. தன்னுடைய இடம் எது என்று தேடாமலே தெரிந்தது.

சமையல்கட்டில் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் விட்டு, டொக். நன்றாக இருந்த குழாய் அவன் வாஷர் மாற்றிய பிறகு ஒழுக ஆரம்பித்திருந்தது. கையால் இறுக்கினான். டொக்.

"எத்தனை நாளா இப்படி?"

"நீங்க ரிப்பேர் பண்ண அன்னிலேர்ந்து." அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டிருக்கலாமேம்மா."

"கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

மேல் வால்வை அடைத்தான். குழாய் நின்றது. வந்து அவள் எதிரில் நின்றான். தலைவரிடம் போனீங்களா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"சாமி," என்றான். அந்த வார்த்தையை அவன் அவளிடம் சொன்னதே இல்லை. அப்படிக் கூப்பிட்டால் பிடிக்காது என்பாள். அப்புறம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல் வந்தது. அதையும் பொய்யோ என்று சந்தேகப்பட்டு விழுங்கினான். குனிந்து காலில் விழப் போனான். அவளும் உடனே குனிந்தாள். பாதி குனிந்த நிலையில் இரண்டு பேரும் நின்றார்கள், தலை முட்டாத குறையாக.

"முதல்ல நீங்க எழுந்திருங்க," என்றாள். "எனக்கு முதுகு வலி."

எழுந்தான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. செயலாளர் மனைவி வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் அந்த இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏய், எங்க கிளம்பிட்டே?" உள்ளிருந்து செயலாளர்.

"இவங்ககூட. பஸ் ஸ்டாப் வரைக்கும்."

"நாலு பேர் பாப்பாங்கடி!"

"பாக்கட்டும்."

செயலாளர் வாசலுக்கு வந்தார். அவர் குரல் முதல்முறையாக எங்கோ தங்கிவிட்டது. மேல்மாடியில் ஒரு கதவு மெல்லத் திறந்து, மெல்ல மூடும் சத்தம். கீழ்மாடியில் இன்னொன்று. பெண்கள் இருவரும் படியில் இறங்கினார்கள். நைட்டி சாமி இன்று புடவை கட்டியிருந்தாள் என்பதைச் சாவிக்காரன் அவள் முதுகைப் பார்த்த பிறகுதான் கவனித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தால் இல்லை. படி இறங்குகிறவர்கள் படியைத்தான் பார்ப்பார்கள்.

மனைவியிடம் காட்ட முடியாததை யார்மேலாவது காட்ட வேண்டியிருந்தது செயலாளருக்கு. "என்னய்யா நின்னு பாத்துக்கிட்டு நிக்கிறே? பூட்டு."

சாவிக்காரன் கதவைச் சாத்தினான். இந்தச் சாவியை அவன் கடைசியாகப் போட்டது, அந்த மத்தியானம் உள்ளே போவதற்காக. துளையில் வைத்துத் திருப்பினான். கைப்பழக்கம் விட்டுப்போன பூட்டு, இறுக்கமாக இருந்தது. இரண்டாவது சுற்று திருப்பும்போது கீழே படிக்கட்டில் இரண்டு பெண்களும் எதற்கோ சிரிப்பது கேட்டது.

"இழுத்துப் பாரு," என்றார் செயலாளர்.

இழுத்துப் பார்த்தான். நன்றாகப் பூட்டியிருந்தது.